கேள்வியக்காவின் அண்ணன்

மழை விடாமல் பிடித்துக்கொண்டால் லாண்டரிக்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிடும். மொட்டைமாடிக் கொடியில் துணி காயாது. எல்லாவற்றையும் பாய்லர் அறைக்குள்ளேயே கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். ஏற்கனவே அது அடுப்புக்குள் இருப்பதுபோல; அதில் ஈரப் போர்வைகளும் சேர்ந்தால் மூச்சு முட்டும். ஓட்டல்காரன் போர்வை கேட்டு ஆள் மேல் ஆள் விடுவான். ஆஸ்பத்திரித் துணி தனி டிரம்மில் வெந்துகொண்டிருக்கும். தரை முழுக்கச் சோப்புத் தண்ணீரும் பிளீச்சிங் பவுடர் வாசனையும். அதற்குள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு அவர் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருப்பார். அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு.

கீழே லாண்டரி. அதன் பின்கட்டில் அவரும் அவர் மனைவியும். மாடியில் ஒற்றை அறையில் அவர் தங்கச்சி. பிள்ளைகள் இல்லாத வீடு அது. தங்கச்சி கல்யாணம் செய்துகொள்ளவில்லை; ஏன் என்று கேட்டவர்களிடம் அண்ணன்தான் பதில் சொல்வார்: "அவ மாப்பிள்ளைகிட்ட கேட்ட கேள்வியில அவன் எந்திரிச்சு ஓடிட்டான்."

சந்தில் அவளுக்குக் கேள்வியக்கா என்று பெயர். மக்களின் உடம்பைப் பற்றி வீடு வீடாகக் கேட்டு எழுதும் கணக்கெடுப்புகளுக்குக் கேள்வி தயாரித்துக் கொடுப்பது அவள் உத்தியோகம். என்ன கேட்க வேண்டும் என்பதைவிட, எப்படிக் கேட்டால் மனிதர்கள் உள்ளதைச் சொல்வார்கள் என்பதில்தான் அவள் ஆராய்ச்சியெல்லாம். அண்ணன் கடைக்கு வருகிறவர்களிடம் அறிமுகப்படுத்துவார்: "என் தங்கச்சி. கேள்வி கேக்குறது இவ டிபார்ட்மென்ட். பதில் சொல்றது வேற டிபார்ட்மென்ட்."

அவள் இந்த வேலைக்கு வந்தபோது படிப்பை முடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வெயிலில் தெருத்தெருவாக நடந்து, "சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவுவீங்களா?" என்று கேட்க வேண்டும். எல்லாரும் கழுவினார்கள். ஒரு வீடு பாக்கியில்லை. ஒரு நாள் தன் கையைக் கழுவ இடம் கேட்டுக் குளியலறைக்குள் போனவள் அங்கிருந்த சோப்பைத் தொட்டுப் பார்த்தாள். செங்கல் மாதிரிக் காய்ந்து வெடித்திருந்தது. அதற்கப்புறம் போன வீடுகளிலெல்லாம் கை கழுவ இடம் கேட்டாள். அலுவலகத்தில் சொன்னபோது மேலதிகாரி சிரித்தார். "உன்னைக் கேள்வி கேக்க அனுப்பினேன். சோப்பைத் தடவிப் பாக்கவா அனுப்பினேன்?"

அவர் சிரித்தது நல்லதாகப் போயிற்று. ஜனங்கள் பொய் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நாம் கேட்ட விதம் சரியில்லை என்றுதான் தோன்றியது. கழுவுவீங்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல எந்த வீட்டுக்காரிக்கு வாய் வரும்? "நேத்து மத்தியானம் சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன செஞ்சீங்க, வரிசையா சொல்லுங்க" என்று கேட்டால் கதை வேறு மாதிரி வந்தது. அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மேலே படித்தாள், எழுதினாள், பேச அழைத்த ஊர்களுக்கெல்லாம் போனாள். ஒவ்வொரு பயணத்துக்கும் அவள் துணிகளை அண்ணனே தேய்த்துக் கொடுப்பார். "மேடையில நிக்கிறவ மடிப்புக் கலையாம நிக்கணும். அப்பத்தான் கேக்குறவன் நம்புவான்."

அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மாவு மில்லில் வேலை பார்த்த ஒரு பெண்மணி. "போன மாசம் உடம்பு சரியில்லாம இருந்துச்சா?" என்று கேட்டதற்கு, "இல்லையே, நல்லாத்தான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இருமி முடிக்கிற வரைக்கும் இவள் காத்திருந்தாள்.

"இந்த இருமல்?"

"இது எப்பவும் இருக்கறதுதானே. படுத்தாத்தானம்மா நோவு? நான் ஒரு நாள்கூடப் படுக்கலையே. வேலைக்குப் போயிட்டுத்தான் இருந்தேன்."

உழைக்கிறவர்களுக்கு நோய் என்பது வேலைக்குப் போக முடியாமல் நின்ற நாள் மட்டும்தான் என்று அவள் எழுதினாள். அதற்குப் பிறகு பல இடங்களில் அந்தக் கேள்வியை மாற்றி எழுதினார்கள்.

இன்னொன்றும் அவள் கண்டுபிடித்தாள். கேட்கிற ஆளைப் பொறுத்துப் பதில் மாறும். வேண்டியவர்களிடம் மனிதன் நல்லபடியாகத் தெரியத்தான் விரும்புவான். உள்ளதை, இனிமேல் முகத்தில் விழிக்கப்போகாத அந்நியனிடம் சொல்லிவிடுவான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது சொல்வாள்: "மாமியார் பக்கத்துல உக்காந்திருக்கும்போது மருமக சொல்ற பதிலை எழுதாதீங்க. தண்ணி கேளுங்க. எடுக்கப் போவாங்கல்ல, அந்த இடைவெளியில கேளுங்க." எல்லாரும் சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்துவாள். "நம்மளை நம்பிச் சொல்றாங்க. நம்ம காதுக்குள்ள போனது நம்மளோடயே மண்ணுக்குப் போகணும். கட்டினவங்ககிட்டகூடச் சொல்லக்கூடாது. என்கிட்டயும் பேரோட சொல்லக்கூடாது."

அண்ணன் நடையில் ஏதோ மாறியிருப்பதை முதலில் கவனித்தவள் அவள்தான். இடது காலை ஊன்றும்போது ஒரு கணம் தயங்குகிறார். சர்க்கரை வியாதி அவருக்குப் பல வருஷமாக இருக்கிறது. அண்ணியிடம் கேட்டாள்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றாள் அண்ணி. கஞ்சி துழாவிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தவில்லை. "படுக்கும்போதுகூட சாக்ஸ் போட்டுக்கிறாரு. கேட்டா குளிருதுங்கறாரு. குளிக்கப் போனா தாழ்ப்பாள் போட்டுக்கிறாரு. இத்தனை வருஷத்துல எந்த நாள் தாழ்ப்பாள் போட்டாரு? துண்டு எடுத்துக் குடுடீன்னு கத்துற மனுஷன்."

"நீங்க பாக்கக் கூடாதா அண்ணி?"

"பாக்கப் போனா எரிஞ்சு விழறாரு. ஏதோ வாடையும் வருதும்மா. ஆனா இந்த பிளீச்சிங் நாத்தத்துல எது எங்கேருந்து வருதுன்னு யாருக்குத் தெரியும்?"

அன்று அண்ணன் சாப்பிடும்போது கீழே வந்து அவளே கேட்டாள்.

"அண்ணே, கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. பூட்ஸ் கடிச்சிருக்கு."

"மாத்திரை ஒழுங்காப் போடறியா?"

"போடறேனே."

"சரியாத்தான் இருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன். இன்னும் ரெண்டு முட்டை போடச் சொல்லு உங்க அண்ணிய."

படியேறி அறைக்குப் போனவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. வகுப்பில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் எழுந்து நிற்க வைத்திருப்பாள். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தால் அவர் வேறென்ன சொல்வார்? மறுநாள் காலையில் நிதானமாக, தொழில் தெரிந்தவளாகவே ஆரம்பித்தாள்.

"இந்த மாதிரி நின்னுக்கிட்டே வேலை பாக்குறவங்களுக்கு மாத்திரை விட்டுப்போறது சகஜம்தான் அண்ணே. சில பேருக்கு வாரத்துல பாதி நாள்கூட விட்டுப்போகும்..."

அண்ணன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். உண்மையாகவே ரசித்துச் சிரித்தார்.

"இது எத்தனாவது பக்கம்? ஏம்மா, கொல்லன் தெருவுலயே ஊசி விக்கிறியா?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குமேல் கேட்க வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நீடித்த நோய்களைப் பற்றிய பெரிய கணக்கெடுப்பு ஒன்று நகரத்தில் நடந்துகொண்டிருந்தது. அவள்தான் அதற்குக் கேள்விகள் எழுதியவள். எந்தத் தெரு, எந்த வீடு என்பது குலுக்கலில் வரும். குலுக்கலில் அவர்கள் சந்து வந்தது. சந்தில் லாண்டரி வீடும் வந்தது. அவள் உடனே இயக்குநரிடம் போய்ச் சொன்னாள்.

"அது எங்க அண்ணன் வீடு சார். எடுத்துருங்க."

"உங்க வீடு மாடி. சமையல் தனி. அது வேற குடும்பம். யாருக்காவது சொந்தமான வீட்டையெல்லாம் எடுத்துட்டா ஊர்ல எந்த வீடு மிஞ்சும்? நீங்கதானே குலுக்கல்ல கை வைக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கீங்க. அந்தச் சந்துப் பக்கம் நீங்க வராதீங்க, அது போதும்."

அந்தச் சந்துக்குக் கேள்வி கேட்கப் போனவர் கண்டக்டர். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்கு எடுக்கும்போது, "சில்லறை இல்லைங்கறவன் பையில சில்லறை இருக்கா இல்லையான்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன் மேடம்" என்று சொன்ன ஆள். கேள்வி கேட்க அவரைப்போல இன்னொருவர் அந்த அலுவலகத்தில் இல்லை. கதவைத் திறக்காத வீட்டிலும் அவருக்கு மட்டும் நாற்காலி போடுவார்கள்.

அவர் வந்த நாள் அவளுக்கு விடுமுறை. குடையை மடக்கி உதறும் சத்தமும் "லாண்டரி சார்!" என்ற குரலும் மாடிக்குக் கேட்டன. அண்ணி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். முதலில் பிழியும் டிரம் ஓடிக்கொண்டிருந்ததால் எதுவும் கேட்கவில்லை. பிறகு டிரம் நின்றது. அண்ணன் வேலை நேரத்தில் டிரம்மை நிறுத்துகிற ஆள் இல்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் அண்ணன் குரல் மட்டும் தணிந்து, விட்டுவிட்டு, நெடுநேரம் வந்துகொண்டே இருந்தது. வார்த்தைகள் புரியவில்லை. கதவைக் கொஞ்சம் திறந்தால் புரியும். அவள் எழுந்தாள், எழுந்து ரேடியோவைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அதுவரை அவள் சரியாகத்தான் இருந்தாள்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் கண்டக்டர் அவள் கண்ணில் படாமல் நழுவிக்கொண்டே இருந்தார். எதிரே வந்தால் வேறு வழியாகப் போனார். எப்போதும் வந்ததும் ஒரு நகைச்சுவை சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். அவள் கூப்பிட்டாள்.

"என்ன கண்டக்டர் சார், கடன்காரனைப் பாத்த மாதிரி ஓடறீங்க?"

"அதெல்லாம் இல்லைங்க மேடம். மழை... சளி."

"உக்காருங்க."

அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எங்க அண்ணன் வீட்டுக்குப் போனீங்கல்ல?"

"மேடம், கேக்காதீங்க."

"என்ன சொன்னாருன்னு கேக்கல. அவர் எப்படி இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்." அவர் கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டார். "நீங்க எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் உங்களுக்குச் சொல்ல முடியுமா? அந்த மனுஷன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டாரு. வெளிய போகாதுல்ல, போகாதுல்லன்னு. போகாது சார்னு என் பிள்ளை மேல சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்கிற அளவுக்கு ஏதோ இருக்கிறது என்பதே அவளுக்குப் பதில்தான். ஆனால் அந்நேரம் அவளுக்கு இத்தனை வருஷத்துப் படிப்பு எதுவும் கைக்கு வரவில்லை. மேசையைச் சுற்றி வந்து அவர் எதிரில் நின்றாள்.

"எனக்கு ஒரே அண்ணன், கண்டக்டர் சார். அப்பா அம்மா முகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல. உங்க கால்ல விழறேன்."

"ஐயோ, என்ன மேடம் இது!" அவர் பதறி எழுந்தார். கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். மூக்கைத் துடைத்தார். பேச்சு கர்ச்சீப்புக்குள்ளிருந்துதான் வந்தது. "விரல் ரெண்டு கறுத்துருச்சு மேடம். பூட்ஸைக் கழட்டிக் காட்டினாரு. வெந்நீர் ஊத்திக்கிட்டது தெரியவே இல்லையாம், உணர்ச்சியே இல்லையாம். மாத்திரையெல்லாம் எப்பவோ விட்டாச்சாம். வீட்டுக்குப் போங்க. சீக்கிரம் போங்க."

அவள் நனைந்துகொண்டே வந்தாள். அண்ணன் இஸ்திரி மேசையில் ஓட்டல் போர்வையை விரித்துக்கொண்டிருந்தார். அண்ணி மறுமுனையைப் பிடித்திருந்தாள். நீராவிக்குள் இருவர் முகமும் மங்கித் தெரிந்தது.

"அண்ணே, பூட்ஸைக் கழட்டு."

"என்னது?"

"கழட்டுண்ணே. விரல் கறுத்துருச்சுல்ல? கழட்டு, பாக்கணும்."

அவர் போர்வையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். முதலில் அண்ணியைப் பார்த்தார். அவள் திறந்த வாய் மூடாமல் நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"அவன்கிட்ட சொன்னது உன்கிட்ட வந்துருச்சா?"

"அதை விடுண்ணே..."

"எதை விடறது? வராதுன்னானே. எங்க மேடம்கிட்டகூடச் சொல்ல மாட்டேன் சார்னானே. எங்க மேடம் அப்படி வளத்திருக்காங்கன்னு சொன்னான். கேட்டு எனக்குப் பெருமையா இருந்துச்சு. அதனாலதான் சொன்னேன்." அவர் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பாள். கோபமே இல்லாமல், பொருளைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரிப் பேசினார். "ஊர்ல எத்தனை பேரு இப்படி உங்களை நம்பி வாயைக் கொடுத்திருப்பாங்க?"

அண்ணி அதற்குள் கீழே உட்கார்ந்து அவர் பூட்ஸைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறினார். அவள் விடவில்லை. "என்னைக் கட்டிக்கிட்டு வந்து இத்தனை வருஷத்துக்கு அப்புறம், தெருவுல போற கண்டக்டருக்குக் காட்டின காலை எனக்குக் காட்டக் கூடாதா? நான் என்ன உங்களுக்கு?" என்று அழுதாள். பூட்ஸ் கழன்று வந்ததும் வாடை எழுந்தது. பிளீச்சிங் பவுடராலும் அதை அமுக்க முடியவில்லை.

தங்கச்சி குனிந்து கறுத்த விரல்களைப் பார்த்தாள்.

"இப்பவே கிளம்புண்ணே. வண்டி கூப்பிடறேன்."

"வரலை."

"அண்ணே!"

"நான் ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவன். உள்ள என்ன நடக்குதுன்னு அங்க இருக்கிற டாக்டரைவிட எனக்கு அந்தப் போர்வை சொல்லும். நம்ம பாய்லர் ஓட்டிக்கிட்டிருந்தவரு, ஞாபகம் இருக்கா? சுண்டு விரல்னு போனாரு. அப்புறம் பாதம். அப்புறம் முழங்கால். அப்புறம் ஆளே வரலை. கடைசியா அவர் படுத்த போர்வையையும் நான்தான் துவைச்சேன்."

"அவர் லேட்டாப் போனாரு. அதனாலதான்..."

"எல்லாரும் லேட்டாத்தான் போறாங்க. இந்த ஓட்டல் ஆர்டர் முடியட்டும். மழை விடட்டும். நானே வரேன்."

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னாள். எத்தனை பேருக்கு விரலோடு நின்றது, எத்தனை பேர் மறுபடி நடந்து வேலைக்குப் போனார்கள். பயந்தவர்களைப் பயமுறுத்தினால் இன்னும் ஒளிந்துகொள்வார்கள் என்று அவளே எழுதியிருக்கிறாள், இருந்தும் பயமுறுத்தினாள். கெஞ்சினாள். அவர் குனிந்து பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு டிரம்மை ஓட்டிவிட்டார். அந்தச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது.

மறுநாள் டாக்டர் ஒருவரை வீட்டுக்கே அழைத்து வந்தாள். அண்ணன் மரியாதையாக வரவேற்று உட்காரவைத்தார். "டீ சொல்லிட்டு வரேன் டாக்டர்" என்று பின்பக்கமாகப் போனவர், தள்ளுவண்டியில் போர்வை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொட்டுகிற மழையில் ஓட்டலுக்குப் போய்விட்டார். டாக்டர் அண்ணி போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, காத்திருந்து பார்த்து, எழுந்தார். "விருப்பம் இல்லாதவரை என்னங்க செய்யறது?" என்றார். அந்த வாக்கியத்தை அவள் கூட்டங்களில் எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எழுந்து மறுத்திருக்கிறாள். இப்போது வாசல்வரை போய் அவருக்குக் குடை பிடித்தாள்.

அன்று அவள் இயக்குநரிடம் நடந்ததைச் சொன்னாள். கண்டக்டரை நான்தான் வற்புறுத்தினேன், தப்பு என்னுடையது என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவளைக் கணக்கெடுப்பிலிருந்து விலக்கினார்கள். கண்டக்டரையும் விலக்கினார்கள். அவருக்காக அவள் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. கண்டக்டர் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளிடம் வந்து, "லாண்டரி சார் போனாரா மேடம்?" என்றுதான் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். "நான் வந்து பேசிப் பாக்கட்டுமா?" என்றவர், அவரே யோசித்து, "வேணாம். என் மூஞ்சில முழிக்க மாட்டாரு," என்று படியிறங்கிப் போனார்.

விஷயம் சந்துக்குள் எப்படியோ பரவிவிட்டது. அண்ணி அழுதபோது யார் காதிலோ விழுந்திருக்கும். கண்டக்டருக்குப் பதிலாக வந்த பெண்ணுக்கு ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை. மூலை வீட்டுக்காரி மாடி ஜன்னலிலிருந்து, "நாங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம், போம்மா!" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். கேள்வியக்கா தன் ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "சாப்பிட்டியா?" "குடை எடுத்துட்டுப் போ." அவ்வளவுதான். கேலி மட்டும் இல்லை. அண்ணி ஒரு வேளை சோறு பொங்காமல் கிடந்து பார்த்தாள். அவர் தானே பொங்கி அவளுக்கும் தட்டில் வைத்தார். ஒரு வாரமாகத் தங்கச்சி தினமும் இஸ்திரி மேசையில் அண்ணியின் இடத்தில் நின்று போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள். இழுத்து, உதறி, மடித்து, மறுபடி இழுத்து. இதற்கு நடுவில் ஏதாவது ஒரு கணத்தில் அவர் மனசு இளகும் என்று காத்திருந்தாள். அவருக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது. நீராவியால் என்று சொன்னார். கையைத் தொட்டாள். கொதித்தது.

"அண்ணே, காய்ச்சல்."

"தெரியும்."

"போலாமாண்ணே?"

"இந்த ஒரு கட்டு முடியட்டும்," என்றார். கட்டு முடியவில்லை. போர்வையோடு மேசை மேல் சாய்ந்து, அப்படியே வழுக்கிச் சோப்புத் தண்ணீரில் விழுந்தார். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். அந்த உடம்பு அசையவே இல்லை. ஓட்டலில் இருந்து போர்வை வாங்க வந்திருந்த ஆள்தான் வந்து தூக்கி வண்டியில் ஏற்றினான்.

ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர் நடந்துகொண்டே பேசுகிறவர். இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

"விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு. முழங்காலுக்கு மேல எடுக்கணும். உயிர் முக்கியம்."

"விரலோட..." என்றாள் அண்ணி.

டாக்டர் நின்றார். "போன வாரம் வந்திருந்தா விரலோட போயிருக்கும்மா. இந்த வார ஆரம்பத்துல வந்திருந்தாக்கூட பாதத்தோட நிறுத்தியிருப்பேன். ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க? வீட்ல படிச்சவங்க யாரும் இல்லையா?"

பதிலுக்கு நிற்காமல் அவர் நடந்துவிட்டார்.

அண்ணன் கண் விழித்தபோது மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் கட்டிலின் மேல் விழுந்திருந்தது. ஒரு கால் இருக்க வேண்டிய இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. அவர் முதலில் அந்தப் போர்வையின் ஓரத்தை விரலால் தடவினார்.

"இது நாம துவைக்கிற போர்வைதான். என் தேய்ப்பு இல்ல. வேற யாரோ தேய்ச்சிருக்கான், மடிப்பு கோணியிருக்கு." பிறகு தட்டையான இடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தலைக்கு வந்தது காலோட போச்சு."

அண்ணி சிரிக்க முயன்று முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவரை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். கஞ்சியை இரண்டு வாய் குடித்தார். டிரம்மை நிறுத்தியாச்சா, பாய்லரை அணைச்சாச்சா என்று கேட்டார். அணைத்தாகிவிட்டது என்றாள் தங்கச்சி. ஒற்றைக் காலோடு அந்த ஈரத் தரையில் அவர் இனி நிற்க முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

சாயங்காலம் அவராகக் கூப்பிட்டார்.

"இங்க வா. கிட்ட வா."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உனக்கு இதெல்லாம் தெரியும். நான் ஒண்ணு கேப்பேன். உள்ளதைச் சொல்லணும்." அவர் உதடு உலர்ந்து வெடித்திருந்தது. "நீ வந்து பூட்ஸைக் கழட்டச் சொன்னியே, அன்னைக்கே நான் கிளம்பி வந்திருந்தா, காலு இருந்திருக்குமா?"

கட்டிலின் அந்தப் பக்கத்தில் அண்ணி மாற்றுத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. டாக்டர் சொன்னதை அவளும் கூட நின்று கேட்டவள்தான். தலையைத் தூக்கி நாத்தனாரைப் பார்த்தாள்.

"இருந்திருக்காதுண்ணே," என்றாள் தங்கச்சி. "அப்பவே விஷம் ஏறியிருந்துச்சு. அன்னைக்கு வந்திருந்தாலும் எடுத்திருப்பாங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர்தான் சொன்னாரு. அண்ணியக் கேட்டுப் பாரு."

அவர் அந்தப் பக்கம் திரும்பினார். அண்ணி மடித்த துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று அந்த முகத்திலிருந்து தெரியவில்லை. ஒரு நீண்ட மூச்சு விட்டார். பிறகு கையை நீட்டி அவள் தலையில் ஒட்டியிருந்த நூல் பிசிறு ஒன்றை எடுத்துக் கீழே போட்டார்.

"சரி போ. காலையிலேருந்து நீ ஒண்ணும் தின்னிருக்க மாட்ட. ரெண்டு பேரும் போய்ச் சாப்பிட்டு வாங்க," என்று கண்ணை மூடிக்கொண்டார்.